மிச்சக் காலமும் கையிருப்பும்

இருபது வயதில் நேரம் கொட்டிக் கிடக்கிறது, கையில் காசில்லை, பிறர் பார்வை நெஞ்சைக் குடைகிறது. நாற்பதில் காசு வருகிறது, நேரம் போய்விடுகிறது. அறுபதைத் தாண்டினால் காசு மீதான வேகம் தணிந்து, ‘யார் என்ன சொன்னால் எனக்கென்ன’ என்கிற விடுதலை வந்துசேர்கிறது. வயதையும் மனிதர்களின் முன்னுரிமைகளையும் பற்றி நாம் பொதுவாக வைத்திருக்கும் சித்திரம் இதுதான். வயசானால் பக்குவம் தானாக வரும் என்று வீட்டிலும் மேடையிலும் சொல்லிவருகிறோம். இந்தச் சித்திரத்தில் பாதி உண்மை. மாறுதல் நடக்கிறது என்பதற்குக் கடந்த முப்பது நாற்பது ஆண்டுகால ஆய்வுகளில் வலுவான சான்றுகள் உள்ளன. ஆனால் அதை உண்டாக்குவது வயதுதான் என்ற முடிவு அந்தச் சான்றுகளோடு பொருந்தவில்லை. இன்னும் எவ்வளவு காலம் மிச்சம் என்ற உணர்வும், நாளைக்கு என்ன ஆகுமோ என்று அஞ்சாமலிருக்கும் அளவுக்கு ஒரு கையிருப்பும் சேர்ந்தே அந்த மாறுதலை உண்டாக்குகின்றன. முதலாவது எல்லோருக்கும் வந்துவிடுகிறது. இரண்டாவது பலருக்குக் கடைசிவரை வருவதில்லை. முதுமையின் பக்குவம் என்று நாம் புகழ்வதில் பெரும்பங்கு வசதியோடு சேர்ந்தே வருகிறது என்பது என் வாதம்.

காலத்திலிருந்து தொடங்குவோம். இத்துறையின் மிக முக்கியமான ஆய்வு வரிசை, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக உளவியலாளர் லாரா கார்ஸ்டென்சன் தொடங்கிவைத்தது. 1990இல் பார்பரா ஃப்ரெட்ரிக்ஸனும் அவரும் வெளியிட்ட ஆய்வில் ஓர் எளிய கேள்வி இருந்தது. உங்களுக்கு அரை மணி நேரம் ஓய்வு கிடைக்கிறது; அதை நெருங்கிய குடும்பத்தார் ஒருவரோடு கழிப்பீர்களா, அண்மையில் அறிமுகமாகி ஒத்துப்போகும் ஒருவரோடா, அல்லது நீங்கள் படித்து முடித்த புத்தகத்தை எழுதியவரோடா? வயதானவர்கள் பெரும்பாலும் குடும்பத்தாரைத் தேர்ந்தார்கள். இளையவர்களிடம் அப்படி ஒருபக்கச் சாய்வு இல்லை. இதுவரை யாரும் எதிர்பார்த்ததே. ஆனால் இன்னும் சில வாரங்களில் வெகுதூரத்து ஊருக்குக் குடிபெயரப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளச் சொன்னதும், இளையவர்களும் முதியவர்களைப் போலவே குடும்பத்தாரிடம் சாய்ந்தார்கள். பின்னால் வந்த ஓர் ஆய்வில் இதைத் திருப்பிப் போட்டார்கள். புதிய மருத்துவக் கண்டுபிடிப்பால் நீங்கள் நினைத்ததைவிட 20 ஆண்டு கூடுதலாக வாழப் போகிறீர்கள் என்று முதியவர்களிடம் சொன்னபோது, அவர்களுடைய அந்தச் சாய்வு மறைந்துபோனது. உடம்பின் வயது அப்படியே இருக்க, மனத்திலிருந்த காலத்தின் நீளம் மட்டும் மாறியது. அது மாறியதும் ஆட்களின் வரிசையும் மாறிவிட்டது.

கற்பனைக் கேள்விகளுக்குச் சொல்லும் பதிலை வாழ்க்கையாக எடுத்துக்கொள்ள முடியுமா என்று கேட்பது நியாயம். அதற்கு ஹாங்காங் பதில் சொன்னது. 1997 ஜூலை 1 அன்று பிரிட்டன் அந்நகரைச் சீனாவிடம் ஒப்படைத்தது. அங்கே வாழ்ந்தவர்களுக்கு அது சாவு அல்ல. ஆனாலும் தாங்கள் பழகிய ஒரு காலம் குறித்த தேதியில் முடிகிறது என்ற உணர்வு ஊர் முழுக்கப் பரவியிருந்தது. ஹெலீன் ஃபங், கார்ஸ்டென்சன், லுட்ஸ் ஆகியோர் 1999இல் வெளியிட்ட ஆய்வு இந்தத் தருணத்தைப் பிடித்துக்கொண்டது. ஒப்படைப்புக்கு ஓராண்டு முன்பு கேட்டபோது முதியவர்கள் மட்டுமே பழகிய முகங்களை நாடினார்கள். இரண்டு மாதம் இருக்கையில் இளையவர்களும் அப்படியே பதில் சொன்னார்கள். ஒப்படைப்பு முடிந்து ஓராண்டு கழிந்து, நகரம் வழக்கம்போல ஓடத் தொடங்கியிருந்த நேரத்தில் மறுபடி கேட்டபோது இளையவர்கள் பழைய நிலைக்குத் திரும்பியிருந்தார்கள். முதியவர்கள் மட்டும் அப்படியே இருந்தார்கள். இருபது வயதுக்காரர்கள் அந்த இரண்டு மாதத்தில் முதிர்ந்து, பிறகு மீண்டும் இளமையாகிவிடவில்லை. அவர்களுக்கு முன்னால் ஒரு கதவு சாத்தப்படுவதுபோலத் தோன்றியது, பிறகு அது சாத்தப்படவில்லை என்று தெரிந்தது. வயதுதான் காரணம் என்ற கருத்துக்கு எதிராக இதைவிடத் தெளிவான சான்றை நான் பார்த்ததில்லை.

இதே திசையில் இன்னும் இரண்டு சான்றுகள் உண்டு. எய்ட்ஸ் நோய்க்கு இன்றைய மருந்துகள் பரவலாகாத காலத்தில், ஏறத்தாழ ஒரே வயதுடைய தன்பால் ஈர்ப்பு ஆண்களை ஒப்பிட்டார்கள். தொற்று இல்லாதவர்கள் மற்ற இளையவர்களைப் போல மனிதர்களை எடைபோட்டார்கள். நோயின் அறிகுறிகள் தெரியத் தொடங்கியவர்களோ முதியவர்களைப் போலவே, மனத்துக்கு நெருக்கமா இல்லையா என்பதை முதன்மையாக வைத்து எடைபோட்டார்கள். பெர்லினில் 70 முதல் 104 வயது வரையிலான 156 பேரிடம் நடத்தி 1994இல் வெளியான ஆய்வு இதன் மறுபக்கத்தைக் காட்டுகிறது. மிக முதியவர்களின் பழக்க வட்டம் மற்ற முதியவர்களுடையதில் கிட்டத்தட்டப் பாதியாகச் சுருங்கியிருந்தது. ஆனால் மிக நெருங்கியவர்களின் எண்ணிக்கை குறையவில்லை. உதிர்ந்தவர்கள் வெளிவட்டத்தில் இருந்தவர்கள்தாம்.

இதற்குக் கடுமையான எதிர்வாதங்கள் உண்டு. முதலாவது, மூளை தளர்வதால் முதியவர்கள் சிக்கலானதையும் கசப்பானதையும் தவிர்க்கிறார்கள், அதைப் பக்குவம் என்று சிறப்பிக்கிறோம் என்பது. அப்படியானால் மூளை எவ்வளவு தளர்கிறதோ அவ்வளவு அந்தப் போக்கு கூட வேண்டும். மேத்தரும் நைட்டும் 2005இல் வெளியிட்ட ஆய்வில் நேர்மாறாக இருந்தது. சிந்தனைக் கட்டுப்பாடு நன்றாக இருந்த முதியவர்களிடமே நல்லதை நோக்கிய சாய்வு அதிகம். கவனத்தைச் சிதறடித்தபோது அது காணாமல் போனது. அப்படியென்றால் அது முயற்சி எடுத்துச் செய்யும் தேர்வு. இரண்டாவது வாதம் இன்னும் வலுவானது. மனநிறைவு இல்லாதவர்கள் முன்னதாகவே இறந்துவிடுகிறார்கள், எஞ்சியவர்களைப் பார்த்து வயது நல்லது செய்கிறது என்கிறோம் என்பது அது. இதில் உண்மை இருக்கிறது. கார்ஸ்டென்சன் குழு 18 முதல் 94 வயது வரை 184 பேரை ஒரு வாரம் நாளுக்கு ஐந்து முறை ‘இப்போது எப்படி உணர்கிறீர்கள்’ என்று கேட்டு, ஐந்தாண்டும் பத்தாண்டும் கழித்து அதையே திரும்பச் செய்தது. நல்லுணர்வு கூடுதலாக இருந்தவர்களே அதிகம் பிழைத்திருந்தார்கள். ஆயினும் அதே மனிதர்களைத் தொடர்ந்து பார்த்தபோதும் உணர்வு நிலை வயதோடு மேம்பட்டிருந்தது. 2020 ஏப்ரலில், கொரோனா முதியவர்களையே அதிகம் கொல்கிறது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்த நேரத்தில், 945 அமெரிக்கர்களிடம் கேட்டபோதும் முதியவர்களின் மனநிலை இளையவர்களுடையதைவிட நன்றாகவே இருந்தது.

பிறர் கருத்துக்கு வருவோம். இங்கே இளமைப் பருவத்தில் உடம்பின் பங்கு இருப்பதை மறுக்க முடியாது. மார்கோ கார்ட்னரும் லாரன்ஸ் ஸ்டெய்ன்பெர்க்கும் 2005இல் வெளியிட்ட ஆய்வில் 306 பேர் கணினியில் காரோட்டும் விளையாட்டை ஆடினார்கள். சிலர் தனியாக, சிலர் தம் வயதொத்த இருவர் பார்த்துக்கொண்டிருக்க. 13 முதல் 16 வயதுக்காரர்கள் தோழர்கள் பக்கத்தில் இருந்தபோது வெகுவாகத் துணிந்தார்கள். 24 வயதைத் தாண்டியவர்களிடம் அந்த வேறுபாடு இல்லை. ஆக, கண்முன் நிற்கும் கூட்டத்தின் பிடி இருபதுகளின் நடுவிலேயே தளர்ந்துவிடுகிறது. அதற்கு அறுபது வரை காத்திருக்க வேண்டியதில்லை. தவிரவும், பிறர் நம்மைக் கவனிக்கிறார்கள் என்ற எண்ணமே பெரும்பாலும் மிகை. கார்னெல் பல்கலைக்கழகத்தில், கூச்சப்பட வைக்கும் படம் போட்ட பனியனோடு ஓர் அறைக்குள் அனுப்பப்பட்ட மாணவர்கள் அங்கிருந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் அதைக் கவனித்திருப்பார்கள் என்று மதிப்பிட்டார்கள். உண்மையில் கவனித்தவர்கள் கால்வாசிதான். அனுபவம் இந்த மிகையைக் கழித்துவிடும் என்று எதிர்பார்க்கலாம். தன்மதிப்பு குறித்த நெடுங்கால ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் வந்த கட்டுரையும், தன்மதிப்பு அறுபது வயது வரை ஏறுகிறது என்றே காட்டியது.

ஆனால் இவை எல்லாவற்றிலும் ‘பிறர்’ என்பது வேடிக்கை பார்ப்பவர்கள். நம் ஊர்களில் ‘நாலு பேர்’ என்று சொல்லும்போது அவர்கள் வேடிக்கை பார்ப்பவர்கள் மட்டுமா? கல்யாணப் பந்தல் வாசலில் போட்டிருக்கும் மொய் மேசையைப் பாருங்கள். ஒருவர் பணத்தை எண்ணி வாங்குகிறார். அடுத்தவர் கோடு போட்ட நோட்டில் ஊர், தகப்பனார் பெயர், ஆள் பெயர், தொகை என்று எழுதுகிறார். 101, 501, 1,001 என்று ஒரு ரூபாய் ஒட்டிய தொகைகள். அந்த நோட்டு பீரோவில் பத்திரமாக இருக்கும். மொய் செய்தவர் வீட்டில் விசேஷம் வரும்போது பக்கத்தைப் புரட்டி, அவர் செய்ததற்குக் குறையாமல், கூடுமானால் கொஞ்சம் கூட்டித் திருப்பிச் செய்ய வேண்டும். புதுக்கோட்டை, தஞ்சாவூர் வட்டாரங்களில் ஆடி, ஆவணி மாதங்களில் இதற்கென்றே மொய் விருந்து வைக்கிறார்கள். திரளும் பணத்தில் கடன் அடைகிறது, கடை திறக்கிறது, போர் போடப்படுகிறது. திருப்பிச் செய்யாதவரை ஊர் ஒன்றும் தண்டிப்பதில்லை, பேசும். அவ்வளவுதான். அந்தப் பேச்சுதான் கடனுக்குப் பிணை. வங்கி பத்திரத்தைக் கேட்கும் இடத்தில் ஊர் பெயரைக் கேட்கிறது. இப்படிப்பட்ட ஏற்பாட்டில் பிறர் கருத்தைப் பொருட்படுத்தாமல் இருப்பது பக்குவமாகாது. அது கணக்கை முடித்துக்கொள்வது.

பொருளியலாளர் ராபர்ட் டவுன்சென்ட் 1994இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வு, அன்றைய ஆந்திரத்திலும் மகாராஷ்டிரத்திலும் மூன்று கிராமங்களின் பத்தாண்டுக் குடும்பக் கணக்குகளை ஆராய்ந்தது. ஒரு குடும்பத்தின் வருமானம் விழுந்தாலும் அதன் செலவு அந்த அளவுக்கு விழவில்லை. கிராமத்தின் சராசரியை ஒட்டியே நகர்ந்தது. கைமாற்று, கடன், உறவு, கொடுக்கல் வாங்கல் எல்லாம் சேர்ந்து எழுதப்படாத காப்பீடாக வேலை செய்கின்றன. நிலமில்லாதவர்களுக்கு அந்தக் காப்பீடு சற்றுக் குறைவாகவே எட்டியது என்பதும் அந்த ஆய்விலேயே இருக்கிறது. இதை முதுமையோடு சேர்த்து யோசித்தால் ஒன்று விளங்கும். ஓய்வூதியமும் சேமிப்பும் உள்ளவருக்கு வயதாக ஆக நாலு பேரின் தேவை குறைகிறது, ஆகவே அவர்கள் சொல்லின் எடையும் குறைகிறது. ஓய்வூதியம் இல்லாதவருக்கோ உடம்பு தளரத் தளர நாலு பேரின் தேவை கூடுகிறது. ரேஷன் கடைக்குப் போய்வர ஒரு ஆள், மருத்துவமனையில் கூட இருக்க ஒரு ஆள், மகன் பணம் அனுப்பாத மாதத்தில் நூறு ரூபாய் கைமாற்று. அவர் எழுபது வயதிலும் எல்லோரிடமும் நயந்து பேசுகிறார், யாரையும் பகைத்துக்கொள்ளாமல் இருக்கிறார், மொய் எழுதக் கடன் வாங்குகிறார். ‘கிழவனுக்கு இன்னும் ஊர் மெச்சுற ஆசை போகல’ என்று அவரைப் பேசுவது எனக்கு அநியாயமாகப் படுகிறது.

பணத்தைப் பற்றிய ஆய்வுகளும் இங்கேதான் கொண்டுவந்து விடுகின்றன. ஃப்ராங்கோ மோடிக்லியானி 1950களில் வகுத்து, 1985இல் நோபல் பரிசு பெறக் காரணமான வாழ்க்கைச் சுழற்சிக் கோட்பாடு, உழைக்கும் வயதில் சேர்த்து முதுமையில் செலவழிப்பார்கள் என்றது. சேர்க்க முடிந்தவர்களுக்கு அது பொருந்தும். ஆஷ்லி வில்லன்ஸும் உடன் ஆய்வாளர்களும் 2016இல் வெளியிட்ட ஆய்வில், பணத்தைவிட நேரத்தைப் பெரிதாக மதிப்பவர்கள் கூடுதல் மகிழ்ச்சியாக இருந்தார்கள், வயதானவர்களே நேரத்தை அதிகம் மதித்தார்கள். முதியவர்கள் பிறருக்குக் கொடுப்பதிலும் தாராளமாக இருக்கிறார்கள் என்று வேறு ஆய்வுகள் சொல்கின்றன. அவர்களிடம் கொடுப்பதற்கு இருக்கிறது, அதனால் கொடுக்கிறார்கள் என்று ஐயப்படுபவர்களின் கேள்வியில் நியாயமுண்டு. பணத்தின் மதிப்பு மனத்தில் குறைவதற்கு அது கையில் இருப்பது எவ்வளவு தூரம் காரணம்? அனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்தர் ஷஃபீர், ஜியாயிங் ஜாவ் ஆகியோர் 2013இல் வெளியிட்ட ஆய்வு தமிழ்நாட்டின் 54 கிராமங்களில் 464 கரும்பு விவசாயிகளிடம் நடந்தது. வெட்டுக்கு முன்பு, நகை அடகில் இருக்கும் மாதங்களில் ஒரு முறை. வெட்டு முடிந்து பணம் கைக்கு வந்தபின் ஒரு முறை. அதே மனிதர்களே பணம் வந்தபின் சிந்தனைத் தேர்வுகளைத் தெளிவாகச் செய்தார்கள். அமெரிக்காவில் சம்பள நாளுக்கு முன்னும் பின்னும் சோதித்த வேறொரு குழு இப்படிப்பட்ட வேறுபாட்டைக் காணவில்லை. ஆகவே இதை அறுதியிட்ட முடிவாக நான் வைக்கவில்லை. ஆனால் இரண்டு வாரச் சம்பளத்துக்குக் காத்திருப்பதும் ஓராண்டுக் கரும்புக்குக் காத்திருப்பதும் ஒன்றல்ல. தட்டுப்பாட்டில் இருப்பவரின் மனம் நாளைய தவணையை விட்டு நகர்வதில்லை. அவருக்கு மிச்சக் காலம் குறைவு என்று தெரிந்திருந்தாலும் அந்த அறிவை வைத்து எதைத் தேர்ந்தெடுப்பது?

நாடுகளை ஒப்பிட்டால் இது இன்னும் துலங்கும். நாற்பதுகளில் தாழ்ந்து பிறகு உயரும் மகிழ்ச்சிக் கோடு பத்திரிகைகளில் மனித இயல்பாகவே எழுதப்படுகிறது. ஆண்ட்ரூ ஸ்டெப்டோ, ஆங்கஸ் டீட்டன், ஆர்தர் ஸ்டோன் ஆகியோர் 2015இல் லான்செட் இதழில் உலகளாவிய தரவுகளை வைத்து எழுதிய கட்டுரை வேறு கதை சொல்கிறது. ஆங்கிலம் பேசும் பணக்கார நாடுகளில் வாழ்க்கை நிறைவு 45 முதல் 54 வயதுக்குள் அடிமட்டத்தைத் தொட்டு மேலேறுகிறது. முன்னாள் சோவியத் நாடுகளிலும் கிழக்கு ஐரோப்பாவிலும் வயதோடு இறங்கிக்கொண்டே போகிறது. லத்தீன் அமெரிக்காவிலும் இறக்கமே. சகாராவுக்குத் தெற்கிலுள்ள ஆப்பிரிக்காவில் வயதால் பெரிய மாற்றம் இல்லை. சோவியத் முதியவர்கள் ஒரு தனித் தலைமுறை, அவர்கள் கண்முன்னே ஒரு அரசு கவிழ்ந்தது, அதைப் பொதுவிதியாக்கலாமா என்று கேட்கலாம். ஆக்க வேண்டாம். ஆனால் அவர்களுக்கு நடந்தது என்ன? உழைத்துச் சேர்த்த ரூபிளும் நம்பியிருந்த ஓய்வூதியமும் 1990களின் விலையேற்றத்தில் கரைந்தன. மிச்சக் காலம் குறைந்தது, கையிருப்பும் போயிற்று. பக்குவம் வயதால் வருவதென்றால் மாஸ்கோவிலும் வந்திருக்க வேண்டும்.

பெண்களின் நிலையைத் தனியாகப் பார்க்க வேண்டும். இந்தியாவின் தேசியக் குடும்ப நல ஆய்வு 15 முதல் 49 வயதுப் பெண்களிடம், கடைக்கும் மருத்துவமனைக்கும் ஊருக்கு வெளியேயும் தனியாகப் போகலாமா என்று கேட்கிறது. வயது ஏற ஏற ‘போகலாம்’ என்பவர்களின் விகிதம் ஏறுகிறது. இங்கே மாறியது அந்தப் பெண்ணின் மனம் என்பதைவிட, அவளைக் கண்காணித்தவர்களின் அக்கறை என்பதே பொருத்தம். காவல் தளர்ந்ததை விடுதலை என்று அவள் உணர்கிறாள். ஆனால் கணவன் இறந்தபின் வீடும் நிலமும் மகன் பெயருக்குப் போய்விட்டால், அவளுடைய அந்தச் சுதந்திரம் மருமகளின் முகக்குறிப்பைப் படிப்பதில் முடிந்துவிடுகிறது.

எல்லாவற்றையும் பணத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறாய் என்று சொல்லலாம். எண்பது வயதில் கோடிகளை வைத்துக்கொண்டு வட்டிக்கு அலைபவர்கள் இல்லையா, கூலிக்காரராக இருந்தும் யாருக்கும் தலைவணங்காத கிழவிகள் இல்லையா? இருக்கிறார்கள். கையிருப்பு இருந்தால் போதும் என்று நான் சொல்லவில்லை. அது இல்லாமல் முடிவதற்கு அசாத்திய மனவலிமை தேவைப்படுகிறது. அசாத்தியமானதை எல்லோரிடமும் எதிர்பார்ப்பது தவறு. இதைப் புறநானூற்றுப் புலவர் பிசிராந்தையார் அறிந்திருந்தார் என்றே நினைக்கிறேன். ஆண்டு பலவாகியும் நரையில்லாதது எப்படி என்ற கேள்விக்கு, 191ஆம் பாடலில், அவர் தம் மனவுறுதியைக் காரணமாகச் சொல்லவில்லை. நல்ல மனைவி மக்கள், குறிப்பறியும் ஏவலர், அல்லவை செய்யாத அரசன், ஊரில் அடக்கமான சான்றோர் பலர் என்று தம்மைச் சூழ்ந்திருந்தவற்றை எண்ணிக் காட்டுகிறார். முதுமையின் அமைதி தனிமனிதனின் சாதனை என்று அவருக்குத் தோன்றவில்லை. மனுஸ்மிருதி காட்டுக்குப் போகச் சொல்லும் நேரமும் ஆண்டுக் கணக்கில் இல்லை. தோல் சுருங்கி, முடி நரைத்து, மகனுக்கு மகன் பிறந்ததைக் கண்டபின் என்கிறது அது. வீட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் வந்தபிறகே துறவு.

ஆகவே முதியோர் ஓய்வூதியத்தைச் சோற்றுக் கணக்காக மட்டும் பார்ப்பது குறைபட்ட பார்வை. மெக்சிகோவின் சிற்றூர்களில் 70 வயதைத் தாண்டியவர்களுக்கு, அவர்கள் எந்தச் சந்தாவும் கட்டியிராத நிலையிலும், 2007 முதல் ஓய்வூதியம் கொடுத்தார்கள். அதை ஆராய்ந்து 2016இல் வெளியான கட்டுரைப்படி, பெற்றவர்களின் மனச்சோர்வு மதிப்பெண் 12 விழுக்காடு குறைந்தது. கூலி வேலைக்குப் போகிறவர்களின் விகிதம் 20 விழுக்காடு சரிந்தது. அவர்களில் பெரும்பாலோர் சும்மா உட்காரவில்லை, சொந்தக் குடும்பத் தொழிலுக்கு மாறினார்கள். நேரத்தை எங்கே செலவிடுவது என்ற தேர்வு அவர்கள் கைக்கு வந்தது. கார்ஸ்டென்சனின் அரை மணி நேரக் கேள்விக்கு அவர்களால் இப்போது பதில் சொல்ல முடியும். தமிழ்நாட்டில் 2011 கணக்கெடுப்பிலேயே மக்களில் 10.4 விழுக்காட்டினர் அறுபதைக் கடந்திருந்தார்கள். இங்கே முதியோர் உதவித்தொகை 1962இல் தொடங்கியது. 2023இல் 1,200 ரூபாயானது. ஒன்றிய அரசின் பங்கோ 60 முதல் 79 வயது வரையிலானவர்களுக்கு ஒன்றரைப் பத்தாண்டுக்கு மேலாக 200 ரூபாயிலேயே நிற்கிறது. ஆதரவற்றவர் என்று காட்டினால்தான் கிடைக்கும் என்ற நிபந்தனை இன்னொரு குறை. மகன் இருந்தும் பார்க்கவில்லை என்பதை அலுவலகத்திலும் ஊரிலும் சொல்லி நிற்க வேண்டியிருக்கிறது. நாலு பேர் முன்னால் தலைநிமிர்ந்து நிற்கத் தேவைப்படும் பணத்தை, நாலு பேர் முன்னால் தலைகுனிந்தே வாங்க வைக்கிறோம். தொகையை உயர்த்துவதும், வயது ஒன்றையே தகுதியாக வைத்து எல்லோருக்கும் கொடுப்பதும் செலவு பிடிக்கும் காரியங்கள்தாம். வசதியுள்ளவருக்கும் போய்ச் சேருமே என்ற தயக்கத்துக்கு வரிவிதிப்பில் வழி இருக்கிறது. தேவையுள்ளவர் கூசி ஒதுங்கிப்போவதை எந்த வரியாலும் ஈடுகட்ட முடியாது.